'யெஸ்டர்இயர்' எபிசோட்: ஐ-சாயா செத்ததற்கு யார் பொறுப்பு?

வால்நட்சத்திரம் கேட்டது:

1973-இல் வந்த ஸ்டார் டிரெக் கார்ட்டூன் தொடரின் இரண்டாவது எபிசோட் பற்றித்தான் கேள்வி. ஐம்பது வருடத்துக்கு மேல் பழசு, ஆனாலும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். கதையை முழுவதுமாகப் போட்டு உடைக்கப் போகிறேன், அவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

பார்த்து ரொம்ப நாளானவர்களுக்காக ஒரு முறை கதை. விண்கப்பல் கேப்டன் கிர்க்கும், வல்கன் கிரகத்தைச் சேர்ந்த அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் கார்டியன் என்ற காலவாசல் வழியாகப் போய், ஓரியன் நாகரிகத்தின் ஆரம்ப காலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பினால் ஸ்பாக்கை யாருக்கும் தெரியவில்லை. கப்பல் டாக்டர் மெக்காய்க்கே தெரியவில்லை. கப்பலில் ஸ்பாக்கின் வேலையைத் தெலின் என்ற ஆண்டோரியன், அதாவது வேறொரு கிரகத்து இனத்தவன், பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆவணத்தைத் தேடிப் பார்த்தால், சாரெக்குக்கும் அமாண்டாவுக்கும் பிறந்த ஸ்பாக் ஏழு வயதிலேயே செத்துப்போயிருக்கிறான். அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் பிரிந்து, பூமிக்குத் திரும்பும் வழியில் விபத்தில் அம்மாவும் போய்விட்டாள்.

ஸ்பாக்குக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று உண்டு. செலெக் என்ற தூரத்துச் சொந்தக்காரர் வந்து தன்னைப் பாலைவனத்தில் காப்பாற்றினார், அதன் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. அந்த செலெக் தானேதான் என்று இப்போதுதான் அவருக்குப் புரிகிறது. இவர் ஓரியனில் இருந்த நேரத்தில், வேறு ஆய்வாளர்கள் அதே வாசலில் வல்கனின் பழைய காலத்தை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு காலத்தில் இருக்க முடியாதே. காப்பாற்ற ஆள் இல்லாமல் பையன் செத்துவிட்டான்.

சரி, ஸ்பாக் திரும்பப் போகிறார், பையனைக் காப்பாற்றுகிறார். ஆனால் பையன் வளர்க்கும் ஐ-சாயா என்ற வயசான செஹ்லாட் (கரடி மாதிரி ஒரு வல்கன் பிராணி), லெ-மாட்யா என்ற காட்டு மிருகத்தோடு சண்டை போட்டு விஷக்காயம் பட்டுவிடுகிறது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, உயிரை இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் வலியோடுதான் இருக்கும், இல்லையென்றால் விடுவித்துவிடலாம் என்கிறார். விடுவித்துவிடுங்கள் என்று பையன் சொல்கிறான்.

என் மகளுக்கும் ஏழு வயது. அதுதான் வினையாகிவிட்டது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை, கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"போன தடவை ஐ-சாயா சாகலைதானே?" சாகவில்லை. ஸ்பாக்கே சொல்கிறார், இந்த முறை ஒரு சின்ன விஷயம் மாறிவிட்டது என்று. "அப்போ போன தடவையும் இதே பெரிய ஸ்பாக்தானே வந்தாரு? இந்தத் தடவை மட்டும் ஏன் சொதப்பினாரு?" என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். "கதவு அங்கதானே இருக்கு? இன்னொரு தடவை போய் ஐ-சாயாவையும் காப்பாத்தலாமே, ஏன் போகலை?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். என் பங்குக்கு ஒரு குறையும் உண்டு. பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு பிராணியைச் சாகடிப்பது கதை எழுதுகிறவர்களுக்குச் சுலபமான வழி. இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

பழைய ரிமோட்:

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பார்க்கப் போட்ட கார்ட்டூன் இது. விளம்பரம் போக இருபத்து நான்கு நிமிடம் மிஞ்சும். அதில் வாய் மட்டும்தான் அசையும், உடம்பு அசையாது. ஓடுகிற காட்சியெல்லாம் முந்தின வாரம் ஓடின அதே ஓட்டம். இதில் போய் லாஜிக் தேடுகிறீர்களே. மகளிடம் "அது கதைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

வால்நட்சத்திரம்:

"அது கதைம்மா" என்று சொன்னால் "கதைன்னா இன்னும் ஒழுங்கா எழுதியிருக்கலாமே" என்பாள். உங்களுக்கு என் மகளைத் தெரியாது.

காலச்சக்கரம்:

அக்கா, உங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி ரசிகர்கள் ரொம்ப காலமாக அடித்துக்கொள்கிற கேள்வி. அவளிடம் சொல்லுங்கள்.

காலப்பயணக் கதைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்றில் நடந்தது நடந்ததுதான், நீங்கள் திரும்பிப் போனதும் ஏற்கெனவே நடந்ததில் அடங்கும், எதுவும் மாறாது. இன்னொன்றில் போனால் மாறும், திரும்பி வந்தால் வேறு உலகம். இந்த எபிசோட் முதல் வகையில் ஆரம்பிக்கிறது. செலெக் என்பது நானேதான் என்று ஸ்பாக் சொல்லும்போது அது மூடின வட்டம். ஆனால் ஓரியனுக்குப் போனதால் பையன் செத்துவிட்டான் என்றதும் அது இரண்டாவது வகை ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே கதையில் வைத்தால் எங்கேயாவது உதைக்கத்தான் செய்யும். உதைக்கிற இடம்தான் ஐ-சாயா.

கணக்காகப் பார்த்தால் இதில் குறைந்தது மூன்று பையன்கள் இருக்கிறார்கள். முதல் பையனை ஒரு செலெக் காப்பாற்றினார், பிராணியும் பிழைத்தது. அவன்தான் வளர்ந்து நாம் பார்க்கிற ஸ்பாக் ஆனான். இரண்டாவது பையனுக்கு யாரும் வரவில்லை, செத்துவிட்டான். அந்த உலகத்தில்தான் தெலின் இருக்கிறான். மூன்றாவது பையனுக்கு நம் ஸ்பாக் போனார், பையன் பிழைத்தான், பிராணி செத்தது. இந்த மூன்றாவது பையன் வளர்ந்து பெரியவனானால் அவன் ஞாபகத்தில் ஐ-சாயா செத்திருக்கும். ஆனால் கதவைத் தாண்டித் திரும்பி வருகிற ஸ்பாக்கின் ஞாபகத்தில் அது சாகவில்லை. அப்படியானால் மூன்றாவது பையன் எங்கே போனான்? எபிசோட் இதைத் தொடவே இல்லை. தொடாததே நல்லது.

இனி "ஏன் சொதப்பினார்" என்ற கேள்வி. இதற்குக் கதைக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஸ்பாக் அங்கே போய்ச் சேரும்போது தேதி அவருக்குக் குழப்பமாக இருக்கும். கஸ்-வான் என்ற அந்தச் சோதனை அடுத்த மாதம்தான் நடக்க வேண்டும். பத்து நாள் பாலைவனத்தில் சாப்பாடு, தண்ணீர், ஆயுதம் எதுவும் இல்லாமல் பிழைத்துக் காட்ட வேண்டிய சோதனை அது. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது. சோதனைக்கு முன்பே தன்னால் முடியுமா என்று பார்க்க, யாரிடமும் சொல்லாமல் ஒரு ராத்திரி தனியாகக் கிளம்பிப் போனோமே, ஆபத்து வந்தது அன்றைக்குத்தானே என்று. எதையும் மறக்காத ஆள் தன் வாழ்க்கையின் முக்கியமான ராத்திரியைத் தப்பாக வைத்திருக்கிறார். அவர் இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிற அந்த இடைவெளியில் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. முதல் செலெக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் எபிசோடில் காட்டியதற்கு முரணாக இல்லை.

ஊமைத்திரை:

அந்த இடைவெளிக்கு நான் வேறு காரணம் சொல்வேன். அந்த வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறாள். இவர் கிளம்பி வந்த உலகத்தில் அவள் செத்துப்போனவள். விருந்தாளி மாதிரி உட்கார்ந்து அவளோடு மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நான் கொஞ்சம் தாமதித்திருப்பேன். நீங்களும்தான்.

மூன்றாம் காது:

'பாடம் சொல்ல ஒரு பிராணியைச் சாகடித்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன் சகோ. இது எனக்கு ரொம்பப் பிடித்த எபிசோட், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

எழுதியவர் டி. சி. ஃபொண்டானா. அந்த கார்ட்டூன் தொடரின் கதைப் பொறுப்பே அவர் கையில்தான் இருந்தது. கார்ட்டூனுக்கு முன்பு ஆட்கள் நடித்து வந்த பழைய தொடரில், ஸ்பாக்கின் அப்பா அம்மாவை முதன்முதலில் காட்டிய 'ஜர்னி டு பேபல்' என்ற 1967 எபிசோடும் அவர் எழுதியதுதான். அதில் ஒரு இடம் வரும். ஸ்பாக் சின்ன வயதில் ஒரு செஹ்லாட் வளர்த்தான், பெரிய பொம்மைக் கரடி மாதிரி இருக்கும் என்று அமாண்டா சொல்வாள். மெக்காய்க்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஸ்பாக் அசராமல், வல்கனில் அந்தக் கரடிக்கு உயிர் உண்டு, ஆறு அங்குலக் கோரைப்பல்லும் உண்டு என்பார். அன்றைக்குச் சிரிக்கவைக்க எழுதிய ஒரு வரி. ஆறு வருடம் கழித்து அதே ஃபொண்டானா அந்தப் பிராணிக்கு ஒரு பெயர் வைத்து, கிழடாக்கி, ஒரு பல்லையும் உடைத்து, நம் முன்னால் நடக்கவிட்டார். அந்த உடைந்த பல்லைக் கவனித்தீர்களா? சண்டைக்கு லாயக்கில்லாத பிராணி என்பதைப் படம் வரைந்தவர்கள் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். பையன் "வீட்டுக்குப் போ" என்று எத்தனை விரட்டினாலும் அது பின்னாலேயே வரும்.

குழந்தைகள் நிகழ்ச்சியில் வளர்ப்புப் பிராணி சாவதா என்று ஒளிபரப்பிய நிறுவனத்துக்குத் தயக்கம் இருந்தது. ஃபொண்டானா விட்டுக்கொடுக்கவில்லை. அது சுலபமான வழியாக இருந்திருந்தால் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. சுலபமான வழி வேறு. வைத்தியர் ஒரு ஊசி போடுவார், பிராணி எழுந்து பையன் முகத்தை நக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைய சனிக்கிழமைக் கார்ட்டூன்களில் வழக்கமாக நடப்பது அதுதான்.

இந்தத் தொடருக்கு 1975-இல் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருது கிடைத்தது. மொத்தமே 22 எபிசோடுகள். அவற்றில் பாதியை மறந்துவிடலாம் என்று நான் சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். பிற்காலத்தில் இந்தக் கார்ட்டூனைக் கதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்போதும் இந்த ஒரு எபிசோடை மட்டும் யாராலும் தள்ளிவிட முடியவில்லை. 2009 திரைப்படத்தில் வல்கன் பையன்கள் சின்ன ஸ்பாக்கைச் சூழ்ந்துகொண்டு சீண்டுவார்களே, அதற்கு முன்னோடி இந்த எபிசோடில் இருக்கிறது.

குரல்களையும் கொஞ்சம் கேளுங்கள். சாரெக்குக்குப் பழைய தொடரில் நடித்த மார்க் லெனார்டே குரல் கொடுத்திருக்கிறார். உன் இதயமும் மனமும் வல்கனுடையதாக இருந்தால் நீ என்னை ஏமாற்ற மாட்டாய் என்று மகனிடம் சொல்வார். படத்தில் அவர் முகம் அசையவே அசையாது. பழைய ரிமோட் சொன்ன அதே குறைதான், ஆனால் இந்த இடத்தில் அது சாரெக்குக்குப் பொருந்திவிடுகிறது. அசையாத முகம், உள்ளே ஏதோ இறுக்கிப் பிடித்த குரல். 'நான் தோற்றுவிட்டால்?' என்று பையன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று அப்பா முடித்துவிடுகிறார். பையன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போகாமல் என்ன செய்வான்?

ஊசிமருந்து:

நான் கால்நடை மருத்துவர். காலப்பயணம் எனக்கு ஓடாது, ஆனால் அந்த வைத்தியர் வரும் காட்சியைப் பற்றிச் சொல்ல என்னிடம் விஷயம் உண்டு.

முதலில், அவர் பையனிடம்தான் கேட்கிறார். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறார், அவரிடம் கேட்கவில்லை. நடந்து பாலைவனத்தைத் தாண்டி வந்து கூப்பிட்டவன் பையன், பிராணி அவனுடையது, முடிவும் அவனுடையது. என் மேசை முன்னால் குடும்பமாக வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டு, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று முடிவை என் தலையில் வைக்கப் பார்ப்பார்கள். தப்பு சொல்லவில்லை, யாருக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். அந்த வல்கன் வைத்தியர் இரண்டு வழியையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். செய்வதற்குக் கஷ்டமான வேலை அது.

இரண்டாவது, எபிசோட் அந்தப் பேச்சோடு நின்றுவிடுகிறது, மேலே எதையும் காட்டவில்லை. நிஜத்தில் முதலில் மயக்கம் கொடுப்போம். பிராணி ஆழ்ந்து போனதும் அதிக அளவில் மயக்கமருந்தைச் செலுத்துவோம். இதயம் சில நிமிடங்களில் நின்றுவிடும். கண் மூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், இன்னும் பார்க்கிறதே, உயிர் இருக்கிறதே என்று பதறிவிடுவார்கள். கடைசியில் ஒரு மூச்சு இழுப்பதும் உண்டு, அது உடம்பின் அனிச்சை, வலி இல்லை. உங்கள் மகள் இதெல்லாம் கேட்கிற ரகமாகத் தெரிகிறது. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தூங்கப்போய்விட்டது என்கிற மாதிரி மூடி மறைத்தால், சில பிள்ளைகள் ராத்திரி படுக்கவே பயப்படும்.

மூன்றாவது, பெரிய ஸ்பாக் பையனிடம் சொல்வது. வாழ்க்கை வீணாகியிருந்தால்தான் சாவுக்கு வருந்த வேண்டும், ஐ-சாயாவின் வாழ்க்கை வீணாகவில்லை என்பார். பேச்சு அழகாக இருக்கிறது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீணாகாத வாழ்க்கைக்குத்தான் எங்கள் மேசையில் அதிகம் அழுகிறார்கள்.

வால்நட்சத்திரம்:

ஊசிமருந்து, உங்கள் பதிலை மகளிடம் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன். கண் மூடாது என்ற விஷயம் அவளை ரொம்ப யோசிக்க வைத்துவிட்டது. பிறகு, "ஐ-சாயா கண்ணைக் காட்டலைல்ல?" என்று கேட்டாள்.

காலச்சக்கரத்தின் மூன்று பையன் கணக்கைத் தாளில் மூன்று கோடாக வரைந்து காட்டினேன். ஏற்றுக்கொண்டாள். ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. ஏன் மறுபடி போகவில்லை?

நானும் எபிசோடை இன்னொரு முறை பார்த்தேன். இதை யோசித்துக்கொண்டே பார்த்தால் கடைசி ஐந்து நிமிடம் வேறு மாதிரி தெரிகிறது. ஸ்பாக் வாசலைத் தாண்டி வந்ததும் கிர்க் என்ன ஆயிற்று என்று கேட்பார். ஒரு வளர்ப்புப் பிராணி செத்துவிட்டது என்பார் இவர். கிர்க் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், வளர்ப்புப் பிராணிதானே, காலத்தின் ஓட்டத்தில் அது என்ன பெரிய விஷயம் என்பது மாதிரி. சிலருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பாக் நகர்ந்துவிடுவார். முதல் முறை பார்த்தபோது கிர்க் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பார்த்தால், வாசல் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஸ்பாக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. முன்னாலேயே, காயம்பட்ட ஐ-சாயா பக்கத்தில் உட்கார்ந்து, என் முடிவை உன் உயிரைக் கொடுக்காமலேயே எடுத்தேனே என்கிற மாதிரி அதனிடம் பேசியிருப்பார். என்ன மாறிவிட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி போனால் பையன் எடுத்த முடிவை அழிக்க வேண்டியிருக்கும். அந்தப் பையன் ராத்திரி முழுக்கப் பாலைவனத்தில் ஓடியிருக்கிறான். அவன் குறும்புக்காரன் என்று கேள்விப்பட்ட வைத்தியர் முதலில் நம்பக்கூட மாட்டேன் என்கிறார். அவரோடு வாதாடிக் கூட்டிவந்து, கடைசியில் ஏழு வயதில் யாரும் சொல்லக் கூடாத ஒன்றைத் தன் வாயால் சொல்கிறான். பெரிய ஸ்பாக் திரும்பிப் போய் லெ-மாட்யாவை முன்னாலேயே மடக்கிவிட்டால், பிராணி பிழைக்கும், அந்த ராத்திரி நடந்ததாகவே இருக்காது. பையனுக்குப் பதிலாகப் பெரியவர் முடிவு எடுத்தது போலாகிவிடும். சாரெக் செய்துகொண்டிருப்பதும் அதுதானே.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஐ-சாயாகிட்ட யாரும் கேக்கலையே" என்றாள். அதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

காலச்சக்கரம்:

அக்கா, உங்கள் மகளுக்கு இங்கே ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுங்கள். பாதிப் பேரை ஓரங்கட்டிவிடுவாள்.

ஐ-சாயாவிடம் கேட்கவில்லை என்பது சரி, ஆனால் அதுவாகத்தான் வந்தது. போ என்று சொன்ன பிறகும் வந்தது. அதையும் அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

பழைய ரிமோட்:

நானும் போய் மறுபடி பார்த்தேன், சும்மா இருக்க முடியவில்லை. யாரும் தெலினைப் பற்றிப் பேசவில்லையே. கதையில் பெரிய மனசு அவனுக்குத்தான். ஸ்பாக் போய் எல்லாவற்றையும் சரிசெய்தால் இவனுக்கு அந்தப் பதவி இருக்காது, ஒருவேளை அந்தக் கப்பலிலேயே இருக்க மாட்டான். அதைத் தெரிந்துகொண்டுதான் வழியனுப்பி வைக்கிறான். ஆண்டோரியர்கள் போர் இனம், இரக்கம் குறைவு, ஆனால் குடும்பம் என்றால் மட்டும் இளகுவோம், உங்கள் காலத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் உயிரோடு இருப்பீர்கள், அது போதும் என்பான். தன் வாழ்க்கை அழியப்போவதற்கு ஒரு முகச்சுளிப்பு இல்லை. பிராணி சாவதற்கு இத்தனை பதில், ஒரு முழு ஆள் காணாமல் போவதற்கு ஒன்றும் இல்லையா?

இன்னொரு விஷயம். வல்கனுக்கு நிலா கிடையாது என்று ஸ்பாக் பழைய தொடரில் ஒரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இந்த எபிசோடில் வல்கன் வானத்தில் ஒன்று இவ்வளவு பெரிசாகத் தொங்குகிறது. அது என்ன?

மூன்றாம் காது:

பின்னணி ஓவியர் கைவண்ணம். பக்கத்துக் கிரகம் என்று பிற்பாடு ரசிகர்கள் சமாளித்தார்கள். விடுங்கள்.

தெலின் பற்றிச் சொன்னது நியாயம். அவனுக்குத் தனிக் கதையே எழுதலாம். ஆனால் ஒரு கணக்கு அவனுக்கும் தீர்க்கப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசிக் காட்சியில் மெக்காய், வல்கன் உடம்புக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வார். காலம் வேறு மாதிரி இருந்திருந்தால் ஆண்டோரியனுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்திருக்கும் டாக்டர் என்பார் ஸ்பாக். மெக்காய்க்கு ஒன்றும் புரியாது. வல்கன்கள் ஜோக் அடிக்க மாட்டார்களே என்பார். அந்தக் கப்பலில் தெலின் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அவனை ஒரு வரியில் நினைத்துக்கொள்கிறார்.

வால்நட்சத்திரம்:

தெலின் பற்றி மகளிடம் நான் வாயே திறக்கவில்லை, பழைய ரிமோட். திறந்தால் அவன் எங்கே போனான் என்று ஆரம்பிப்பாள், எனக்கு நாளைக்கு வேலை இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அடுத்து எதைப் போடலாம்? பிராணி வரட்டும், சாக வேண்டாம். காலவாசல் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் காது:

ஐந்தாவது எபிசோட், 'மோர் டிரிபிள்ஸ், மோர் டிரபிள்ஸ்'. பழைய தொடரின் டிரிபிள் கதையை எழுதிய டேவிட் ஜெரோல்டே எழுதியது. உருண்டையான ரோமப் பந்துகள், எல்லாம் இளஞ்சிவப்பு, சாப்பிடச் சாப்பிட வீங்கிக்கொண்டே போகும். கேள்வி வந்தாலும் இவ்வளவு தீனி எங்கே இருந்து வருகிறது என்பதோடு நிற்கும் என்று நினைக்கிறேன்.

காலச்சக்கரம்:

அதில் டிரிபிள்களைத் தின்கிற பிராணி ஒன்று வருகிறது சகோ. கிளிங்கன்கள் என்ற எதிரி இனத்தார் உண்டாக்கியது.

வால்நட்சத்திரம்:

நல்லவேளை சொன்னீர்கள். முதலில் நான் மட்டும் பார்க்கிறேன்.